மணியும் மாசும்



ஹாடோ துறையில் அரிசி மூட்டை சுமப்போரைக் கண்டிருப்பீர்கள். மூட்டை தோளுக்கேற்ப வளைகிறது. உள்ளிருக்கும் அரிசி ஒன்றேனும் வளைவதில்லை. மணிகள் ஒன்றையொன்று உராய்ந்து வழுக்கி இடம் பெயர்கின்றன, அவ்வளவே.

உலோகமும் சிறு படிக மணிகளின் கூட்டமே. அம்மணிகள் 10 மைக்ரானுக்கும், அதாவது ஒரு மில்லிமீட்டரின் நூற்றிலொரு பங்குக்கும், சிறியனவாய் இருப்பின், தக்க வெப்பத்தில் மெல்ல இழுக்குங்கால் அவற்றின் எல்லைகள் வழுக்கும். உலோகம் அறாது நீளும். இதனை மீநெகிழ்வு என்பர். 1934இல் இங்கிலாந்தில் சி. ஈ. பியர்சன் என்பார் பிஸ்மத்தும் வெள்ளீயமும் சேர்ந்த கலவையை 1,950 விழுக்காடு நீட்டிக் காட்டினார்.

ஆயின் இடர் ஒன்றுண்டு. வழுக்குதற்கு வேண்டிய அதே வெப்பம் மணிகளைப் பெருக்கவும் செய்யும். பெருத்த மணிகள் எளிதில் வழுக்கா. அவ்வளர்ச்சியைத் தடுப்பது கலப்புப் பொருள். வேற்றுப் பொருளின் நுண்துகள்கள் எல்லைகளில் முளையடித்தாற்போல் நின்று, அவற்றை நகரவொட்டாமல் காக்கின்றன. எல்லா மாசும் இங்ஙனம் நன்மை செய்யும் என்று கொள்ளற்க. பாஸ்பரமும் கந்தகமும் எஃகின் மணி எல்லையில் குடியேறினால் பிணைப்புத் தளரும். சம்மட்டி அடியில் இரும்பு பிளக்கும்.

நம் சேலத்து எஃகின் கதை இங்கேதான் வருகிறது. மேனாட்டார் ‘வூட்ஸ்’ என்றழைத்த அவ்வெஃகைப் பற்றி 1795இலேயே இலண்டன் அரசவைக் கழகத்தில் ஆய்வுரை படிக்கப்பட்டது. (படித்தவரும் ஒரு பியர்சன்தான், ஜார்ஜ் பியர்சன்.) அதில் கரி 1 முதல் 2 விழுக்காடு வரை உண்டு. ஐரோப்பியக் கொல்லர் தம் வழக்கப்படி வெண்மையாகக் காய்ச்சி அடித்தனர், அது நொறுங்கியது. செந்நிற வெப்பத்திலேயே அதனை அடித்தல் வேண்டும். 1970களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஷெர்பியும் வாட்ஸ்வொர்த்தும் அத்தகைய கரிமிகு எஃகை நுண்மணியாக்கி இழுத்தனர். அச்செவ்வெப்பத்தில் அது பல நூறு விழுக்காடு நீண்டது. மணிகளைக் காத்தவை இரும்புக் கார்பைடுத் துகள்களே. அவ்வெஃகிலான டமாஸ்கஸ் வாள்களின் அலைவரிகளுக்கு, மிகச் சிறிதளவே கலந்த வனேடியம் போன்ற மாசுகள் காரணம் என்று 1998இல் வெர்ஹோவன் குழுவினர் எழுதினர்.

பழங்கொல்லர் மீநெகிழ்வை அறிந்திருந்தனர் என்று கூற யான் துணியேன். வெப்பத்தின் நிறத்தை அறிந்திருந்தனர், அதுவே பெரிது. அந்த உலைகள் அவிந்து தலைமுறைகள் பல கடந்தன. எனினும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய கே. ஏ. பத்மநாபன், மணி எல்லை வழுக்கலையே தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்டார். டேவிஸ் என்பாருடன் அவர் எழுதிய மீநெகிழ்வு நூல் 1980இல் வெளிவந்தது. நம் பிள்ளைகளுள் பொறியியல் பயில்வோர் அதனைத் தேடிப் படிக்கலாம்.