குழந்தையுள்ள வீட்டில் மருந்துப் பெட்டி



நடுச்சாமம். பத்து மாதக் குழந்தைக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. முன்பெல்லாம் தோட்டத்து டிரசர் வீட்டுக் கதவைத் தட்டினால் போதும். இன்று பல தோட்டங்களில் அந்த வசதி இல்லை. பீடோங், பாடாங் செராய் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வண்டி பிடித்துச் சுங்கைப் பட்டாணிக்கோ கூலிமுக்கோ போய்ச் சேர வேண்டும். அதுவரை கைகொடுப்பது வீட்டு மருந்துப் பெட்டி. ஆனால் தாய்மார்களே, கவனம் தவறினால் அதே பெட்டி குழந்தைக்குப் பகையாகிவிடும்.

பெட்டியில் நிறைய வேண்டாம். வெப்பமானி ஒன்று, குழந்தைகளுக்கான பாராசிட்டமால் மருந்து, மில்லி லிட்டர் கோடு போட்ட அளவுக் கரண்டி, வயிற்றோட்டத்துக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், சுத்தமான பஞ்சு, துணிக்கட்டு, பிளாஸ்டர். இவை போதும். மருந்து வாங்கும்போது உறையில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

பாராசிட்டமாலில் ஒரு முக்கியமான செய்தி. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள புட்டியும் உண்டு. 250 மில்லிகிராம் உள்ள புட்டியும் உண்டு. முதல் புட்டியில் 5 மில்லி கொடுத்துப் பழகிய தாய், அடுத்த முறை வாங்கிய இரண்டாம் புட்டியிலும் அதே 5 மில்லி கொடுத்தால், குழந்தைக்கு இரண்டு மடங்கு மருந்து போய்விடும். அளவு மீறினால் ஈரல் கெடும். ஆகவே குழந்தையின் எடையைச் சொல்லி, எத்தனை மில்லி என்று கிளினிக்கில் கேட்டுப் புட்டியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். சமையலறைக் கரண்டியால் அளக்காதீர்கள். ஒரு வேளைக்கும் மறுவேளைக்கும் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் கூடாது.

பெரியவர்களின் ஆஸ்பிரினைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் கொடிய நோய்க்கு அது வழிவிடலாம்; டிங்கிக் காய்ச்சலாக இருந்தால் இரத்தக் கசிவும் ஏற்படும். மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பது நம் வழக்கம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனும் ஆகாது. அதிலிருக்கக்கூடிய கிருமி தசைகளைச் செயலிழக்கச் செய்யும். இருமல் மருந்து, சென்ற முறை மிஞ்சிய ஆன்டிபயாடிக் இவற்றையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

பெட்டியைப் பூட்டி, பிள்ளை ஏறியும் எட்டாத உயரத்தில் வையுங்கள். பாட்டியின் சர்க்கரை மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கட்டும். சாமி மேடைச் சூடத்தையும் தைலத்தையும் மறந்துவிடாதீர்கள். சூடத்தைச் சிறிதளவு விழுங்கினாலும் சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம். களைக்கொல்லியைச் சோடாப் புட்டியில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் வேண்டவே வேண்டாம். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. மற்றக் களைக்கொல்லிகளும் நஞ்சுதான். குழந்தை எதையாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்தப் புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய நஞ்சு மையத்தின் தொலைபேசி எண்ணையும் அவசர எண் 999-ஐயும் பெட்டி மூடியில் எழுதி வையுங்கள்.

எப்போது பெட்டியை நம்பிக் காத்திருக்கக் கூடாது? மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 பாகை காய்ச்சல் கண்டால், வலிப்பு வந்தால், பால் குடிக்க மறுத்தால், மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்கினால், வயிற்றோட்டத்தில் கண் குழிவிழுந்தால், விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டைத் துப்புரவு செய்கிறோம் அல்லவா? அப்போது பெட்டியையும் இறக்கி, தேதி கடந்த மருந்துகளைக் கிளினிக் மருந்தகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். குழந்தையின் எடை கூடியிருக்கும்; மருந்தின் அளவையும் கேட்டுப் புதிதாக எழுதி ஒட்டுங்கள்.