உண்கலமும் உடல்நலமும்



எதனை உண்பது என்பதில் நாம் பெரிதும் கருத்துடையவர்கள். பொழுது சாயுமுன் உண்கிறோம். நீரை வடிகட்டிப் பருகுகிறோம். ஆனால், அவ்வுணவை எதில் இட்டு உண்கிறோம் என்பதனை எண்ணிப் பார்க்கின்றோமா? அதுபற்றியே இன்று சில சொற்கள் கூற விழைகின்றேன்.

நாளமில்லாச் சுரப்பிகள் குருதியில் கலக்கும் நீரையே ஹார்மோன் என்கிறோம். அதன் அளவோ மிகச் சிறிது. ஆற்றலோ மிகப் பெரிது. பிள்ளைகள் வளர்வதும் பருவமெய்துவதும், பின்னாளில் தாயாவதும் தந்தையாவதும் அதன் ஆணைப்படியே நிகழ்கின்றன. அந்த ஹார்மோனைப் போல நடித்து உடலை ஏமாற்றும் வேதிப்பொருள்கள் சில நெகிழியில் உள்ளன.

அவற்றுள் ஒன்று பிஸ்பீனால்-ஏ. கண்ணாடி போன்று தெளிந்த, கடினமான பாலிகார்பனேட் நெகிழி இதிலிருந்தே செய்யப்படுகிறது. இது பெண்மை ஹார்மோனாகிய ஈஸ்ட்ரோஜனைப் போன்று செயற்படும் என்பதனை 1936ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேய அறிஞர் எட்வர்டு சார்லஸ் டாட்ஸ் கண்டறிந்தார். அறிந்த பின்னரும் அது நெகிழித் தொழிலுள் புகுந்தது. மற்றொன்று தாலேட்டுகள். பி.வி.சி. நெகிழியை வளையச் செய்யச் சேர்க்கப்படுபவை இவை. நெகிழியோடு இறுகப் பிணைந்து நில்லாமையால் மெல்லக் கசிகின்றன.

1998இல் அமெரிக்காவில் பட்ரீசியா ஹன்ட் என்னும் அம்மையாரின் ஆய்வுக்கூடத்தில், பெண் எலிகளின் கருமுட்டைகளில் திடீரெனக் குறைகள் பெருகின. காரணம் தேடியபோது, எலிக்கூண்டுகளையும் நீர்ப்புட்டிகளையும் கடுமையான சோப்புநீரால் கழுவியமையால் பாலிகார்பனேட் சிதைந்து, பிஸ்பீனால்-ஏ கசிந்தது புலனாயிற்று. ஆய்வுக்கென எவரும் அதனை ஊட்டவில்லை, கலமே ஊட்டிற்று.

எலிக்கு நேர்ந்ததெல்லாம் மனிதர்க்கும் அவ்வாறே நேரும் என்று கூறுதல் பொருந்தாது. சிறுமியர் முன்னதாகவே பருவமெய்துவதற்கு உடற்பருமன் முதலிய காரணங்களும் உண்டு. ஆயினும் அரசுகள் வாளா இருக்கவில்லை. குழந்தைகளின் பால்புட்டியில் பிஸ்பீனால்-ஏ கூடாது என ஐரோப்பிய ஒன்றியம் 2011இலும், நம் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2015இலும் விதித்தன. 2023இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், நாள்தோறும் உடல் ஏற்கத்தக்க அளவை முன்னையதினும் 20,000 மடங்கு குறைத்தது. ‘பி.பி.ஏ. இல்லாதது’ என்னும் முத்திரை கண்டும் மயங்க வேண்டா. மாற்றாக வந்த பிஸ்பீனால்-எஸ் என்பதும் ஏறத்தாழ அதே இயல்பினது.

வெப்பமும் எண்ணெய்ப் பசையும் இக்கசிவை மிகுவிக்கும். ஆதலின், கொதிக்கும் சாம்பாரையும் பாலையும் நெகிழியில் ஊற்றாதீர்கள். நுண்ணலை அடுப்பில் நெகிழிக் கலத்தை வைக்காதீர்கள். கீறல் விழுந்த டப்பாக்களை ஒதுக்குங்கள். பள்ளிக்கு எவர்சில்வர் டப்பாவும், ஊறுகாய்க்குப் பீங்கான் சாடியும் நம் வீடுகட்குப் புதியன அல்லவே!

அறக்கட்டளையினர்க்கும் ஒரு வேண்டுகோள். விழாப் பந்தியில் வாழையிலையும் எவர்சில்வர் குவளையுமே இடம்பெறட்டும். மாணவர்க்கு வழங்கும் பரிசிலும் நெகிழிக் குப்பியாக இல்லாதிருக்கட்டும்.

பிள்ளைகள் தம் உண்கலத்தைத் தாமே தேர்ந்தெடுப்பதில்லை. நாம் தருவதிலேயே உண்கின்றனர். அப்பொறுப்பை உணர்ந்து நடப்போமாக.