கம்பிச் சுருளும் காந்தமும்: பேஸ் கிட்டாருக்கு ஒரு பிக்கப்



கோயில் திருவிழாவிலும் திருமண மண்டபத்திலும் மேடைக் கச்சேரிகளைக் கேட்கிறோம். பாடகரின் குரல் காதில் விழுகிறது, வயலின் விழுகிறது, தபேலா விழுகிறது. இவற்றுக்கெல்லாம் அடியில், நெஞ்சுக்குள் 'தும் தும்' என்று இறங்கும் ஒலி ஒன்றும் உண்டு. அதுவே பேஸ் கிட்டாரின் ஒலி. அது நின்ற பிறகுதான், அதுவரை ஒலித்துக் கொண்டிருந்ததையே பலர் உணர்வார்கள். 1976 இல் 'அன்னக்கிளி' வழியாகத் திரையுலகுக்கு வந்த இளையராஜாவின் பாடல்களில் இக்கருவி தனக்கென ஒரு மெட்டையே பாடிக்கொண்டு போவதை ரசிகர்கள் அறிவார்கள்.

அந்தக் கருவியின் உயிரான உறுப்புக்கு 'பிக்கப்' என்று பெயர். தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. செம்பவாங் குடியிருப்புப் பேட்டையில் ஆசிரியப் பணி செய்யும் நாங்கள், எங்கள் மாணவர்களோடு சேர்ந்து அத்தகைய பிக்கப் ஒன்றைக் கையாலேயே செய்து பார்த்தோம். அந்த அனுபவத்தை இன்று உங்களோடு பகிர்ந்து கொள்கிறோம்.

முதலில் அதன் தத்துவத்தைப் பார்ப்போம். 1831 இல் மைக்கேல் ஃபாரடே ஓர் உண்மையைக் கண்டறிந்தார். கம்பிச் சுருளின் ஊடே செல்லும் காந்தப்புலம் மாறும்போது அச்சுருளில் மின்னழுத்தம் தோன்றும் என்பதே அது. பிக்கப்பில் காந்தமும் அசைவதில்லை, சுருளும் அசைவதில்லை. அசைவது மேலே இருக்கும் உருக்குத் தந்தி. காந்தத்தின் அருகில் இருப்பதால் தந்தியும் காந்தத்தன்மை பெறுகிறது. அது அதிரும்போது காந்தப்புலம் கூடிக் குறைகிறது. சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. நைலான் தந்திக்கு இந்தப் பிக்கப் பயன்படாது என்பதன் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அடுத்தது 55 முறை. மற்ற இரண்டும் 73, 98 முறை. இந்த எண்களை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கர்நாடக இசை கேட்கும் நேயர்களுக்கும் இந்த உறுப்பு புதியதன்று. மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ் அந்தச் சிறிய கருவியிலிருந்து நீண்ட கமகங்களை எழுப்பினார் அல்லவா? அதற்கு மின்மாண்டலினின் பிக்கப்பும் துணை நின்றது.

இனி எங்கள் கதைக்கு வருவோம். எங்கள் மாணவன் ஒருவனுக்குப் பழைய பேஸ் கிட்டார் ஒன்று கிடைத்தது. மரமும் தந்தியும் நன்றாக இருந்தன. பிக்கப்பில் மட்டும் உயிரில்லை. பொங்கல் விழாவில் வாசிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. புதிது வாங்க வீட்டில் வசதியில்லை. "நாமே செய்தால் என்ன, சார்?" என்று கேட்டான். அறிவியல் பாடத்தில் அவன் பின்தங்கிய மாணவன் என்று எங்கள் மதிப்பெண் ஏடு சொன்னது.

அவனுடைய தாத்தா கப்பல் பட்டறையில் மோட்டார்களுக்குச் சுருள் கட்டும் வேலை பார்த்தவர். செம்பவாங்கின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிராது. இங்கே பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் ஆறாம் ஜார்ஜ் மன்னர் கப்பல்துறை 1938 இல் திறக்கப்பட்டது. 1968 இல் அத்தளத்தின் பட்டறை சிங்கப்பூரின் கைக்கு வந்து செம்பவாங் கப்பல் பட்டறை ஆயிற்று. அந்தத் தளத்திலும் பட்டறையிலும் வியர்வை சிந்திய தமிழர்களும் மலையாளிகளும் ஏராளம்.

தேவையான பொருள்கள் அதிகமில்லை. அல்நிக்கோ என்னும் கலப்பு உலோகக் காந்தத் துண்டுகள் நான்கு வேண்டும். ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டர் குறுக்களவு உள்ளது. மேலும் கீழும் வைக்க இரண்டு ஃபைபர் தகடுகள். எனாமல் பூசிய செப்புக் கம்பி. அந்தக் கம்பியின் தடிமன் 0.063 மில்லிமீட்டர், தலைமயிர் போன்றது. பழம்பொருள் தேடுவோரின் புகலிடமாக இருந்த சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது. ஆயினும் ஜாலான் புசார் வட்டாரத்து மின்பொருள் கடைகளில் உதிரிபாகங்கள் வாங்கலாம்.

காந்தங்களைத் தந்திகளின் இடைவெளிக்கு ஏற்ப, எங்கள் கிட்டாரில் 19 மில்லிமீட்டருக்கு ஒன்றாக, தகடுகளில் பொருத்தினோம். எல்லாக் காந்தங்களிலும் ஒரே முனை மேல்நோக்கி இருக்கிறதா என்று திசைகாட்டியால் பார்த்துக் கொண்டோம். இங்கே ஒரு செய்தி சொல்ல வேண்டும். 'குவீன்' குழுவின் பிரையன் மே, 1963 இல் தம் தந்தையுடன் சேர்ந்து வீட்டிலேயே ஒரு கிட்டார் செய்யத் தொடங்கினார். பிக்கப்பையும் தாமே செய்தார். தந்தியைப் பக்கவாட்டில் வளைத்து வாசித்தபோது வேண்டாத ஒலி ஒன்று வந்தது. காந்த முனைகளின் அமைப்பே அதற்குக் காரணம். பின்னர் பர்ன்ஸ் நிறுவனத்தின் பிக்கப்புகளை வாங்கிப் பொருத்தினார். அந்தக் கிட்டாரையே உலக மேடைகளில் வாசித்தார். செய்து பார்த்துத் தவறுவதில் இழுக்கில்லை என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

அடுத்து, கம்பி சுற்றும் வேலை. மொத்தம் 8,000 சுற்று. ஒரு சுற்றின் சராசரி நீளம் பதினான்கரை சென்டிமீட்டர். அப்படியானால் கம்பியின் நீளம் 1,160 மீட்டர். இக்கம்பியில் மீட்டருக்கு 5.4 ஓம் மின்தடை. பெருக்கிப் பார்த்தால் சற்றேறக்குறைய 6,260 ஓம். இந்தக் கணக்கைச் சுற்றத் தொடங்குமுன் மாணவர்களே போட்டார்கள்.

கைப்பிடி சுழற்றும் துளைக்கருவியை மேசையில் இறுக்கி, அதன் வாயில் தகட்டைப் பொருத்தினோம். கைப்பிடி ஒரு முறை சுழன்றால் வாய் நான்கு முறை சுழலும். ஐம்பது முறை சுழற்றினால் 200 சுற்று. தாளில் ஒரு கோடு. நாற்பது கோடுகள் போட்டால் வேலை முடிந்தது. தாத்தா கம்பியை விரல் நுனியால் பிடிக்கக் கற்றுக் கொடுத்தார். "இறுக்கினா அறுந்திடும், தளர விட்டா சரிஞ்சிடும்" என்பார். நாங்களோ, "கம்பியை அறுப்பவர் மறுபடியும் முதலிலிருந்து சுற்ற வேண்டும்" என்று விளையாட்டாகச் சொல்லி வைத்தோம்.

இரண்டு நாளில் நாற்பது கோடுகள் நிறைந்தன. இரு முனைகளிலும் எனாமலைச் சுரண்டி, மல்டிமீட்டரை வைத்தோம். முள் அசையவில்லை. சுருள் எங்கோ அறுந்திருந்தது. எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அப்போது கோடு போட்ட தாளில் ஒன்று கண்ணில் பட்டது. இருபத்தேழாம் கோட்டின் பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி.

கிட்டாருக்குச் சொந்தக்காரனான அந்த மாணவன் தலையைக் குனிந்து கொண்டான். கம்பி அவன் கையில்தான் அறுந்தது. முதலிலிருந்து சுற்ற வேண்டுமே என்ற அச்சத்தில் இரு முனைகளையும் முறுக்கிவிட்டு மேலே சுற்றிக்கொண்டு போய்விட்டான். எனாமலைச் சுரண்டாமல் முறுக்கினால் செம்பு செம்பைத் தொடாது. மின்சாரம் எப்படிச் செல்லும்? மறைத்துவிட்டானே தவிர, மனம் கேட்காமல் புள்ளியையும் வைத்திருக்கிறான்.

தாத்தா கோபிக்கவில்லை. "எங்க பட்டறையிலயும் கம்பி அறும் ராசா. அறுந்த இடம் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. பிரி, பார்ப்போம்" என்றார். ஏறத்தாழ 2,700 சுற்றுகளைப் பிரித்து, காலிச் சுருளில் ஏற்றினோம். சுற்றியதைவிடப் பிரிக்க அதிக நேரம் பிடித்தது. முறுக்கிய இடம் வந்தது. நயமான உப்புத்தாளால் எனாமலை நீக்கி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, மெல்லிய ஒட்டுநாடாவால் மூடினோம். பிறகு மீதியைச் சுற்றினான் அந்த மாணவனே. இம்முறை மீட்டர் 6,400 ஓம் காட்டியது. கணக்கைவிடச் சற்று அதிகம். நம் ஊர் வெப்பத்தில் செம்பின் மின்தடை கூடும் என்பதை அவனே வகுப்பில் விளக்கினான்.

அவன் செய்தது பிழைதான். ஆனால் அந்தப் பிழைக்கு வாசல் திறந்து வைத்தது எங்கள் விளையாட்டு வார்த்தை. தவற்றுக்குத் தண்டனையை முன்கூட்டியே அறிவித்துவிட்டால், பிள்ளை தவற்றைத் திருத்த முனைவதைவிட ஒளிக்கவே முனையும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த பாடந்தான், அன்று மறந்துவிட்டோம். அதை அவனிடமும் மற்ற மாணவர்களிடமும் ஒப்புக்கொண்டோம்.

சுருள் அசையாதிருக்க அதை உருக்கிய மெழுகில் ஊறவைக்க வேண்டும். மெழுகை நேரடியாகத் தீயில் வைக்கக் கூடாது. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வேறொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். பெரியவர்கள் உடனிருக்க வேண்டும். குமிழிகள் நின்றதும் சுருளை எடுத்துவிடலாம்.

பொருத்தி வாசித்தபோது 'தும்' என்ற ஒலி வகுப்பறைச் சன்னலை அதிரவைத்தது. கூடவே ஓர் இரைச்சலும் வந்தது. நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை திசை மாறி மாறி ஓடுகிறது. தொடக்கத்தில் சொன்ன எண்களை நினைத்துப் பாருங்கள். 41 க்கும் 55 க்கும் நடுவில் அந்த 50 வந்து உட்காருகிறது! ஃபெண்டர் நிறுவனம் 1951 இல் கொண்டுவந்த பேஸ் கிட்டாரிலும் ஒற்றைச் சுருளே இருந்தது. 1957 இல் அதை இரண்டாகப் பிரித்து, ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அழிக்குமாறு அமைத்தார்கள். எங்கள் மாணவர்கள் இப்போது அந்த இரண்டாவது வகையைச் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. கிட்டாரை ஒலிபெருக்கியின் உள்ளீட்டில் மட்டுமே இணைக்க வேண்டும். அந்த ஒலிபெருக்கிக்கு முறையான தரையிணைப்பு இருக்க வேண்டும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்பதை மறந்துவிடக் கூடாது.

பொங்கல் விழாவில் அவன் வாசித்தான். முன்வரிசையில் அமர்ந்திருந்த தாத்தா கண்ணை மூடிக் கேட்டுக் கொண்டிருந்தார். கோடு போட்ட அந்தத் தாள் எங்கள் அறிவியல் அறையின் சுவரில், புள்ளியோடு இருக்கிறது.