எலி சொன்ன சாட்சி

கோமாரி வயல்களிலே பெரும்போகப் பயிர் பச்சை பிடித்ததும், விசிறு கருவியை முதுகிற் சுமந்து வரம்பிலே நடப்பவர்கள் பெரும்பாலும் ஆடவரே. மருந்து நஞ்சென்பதை அவர்கள் அறிவார்கள். வாய்க்குட் போனால் ஆளைக் கொல்லும் என்று அஞ்சுவார்கள். ஆளை விட்டுவிட்டு அவன் சந்ததியை மட்டும் தடுக்கும் நஞ்சும் உண்டோ என்று கேட்பவர் அரியர். பிள்ளையில்லாத வீட்டிலே பழி பெண்ணின் தலையில் விழுவதுதானே ஊர் வழக்கம்!

அத்தகைய நஞ்சு உண்டென்பது 1977 ஆம் ஆண்டில், கலிபோர்ணியாவிலுள்ள லாத்ரொப் என்னும் ஊரிலே வெளிப்பட்டது. வேர்களைத் தாக்கும் நூற்புழுவைக் கொல்லுகின்ற டீ.பீ.சீ.பீ. என்னும் இரசாயனம் அங்கே ஒரு தொழிற்சாலையில் ஆக்கப்பட்டது. தமக்குள் பிள்ளைப்பேறு அருகிவிட்டதைத் தொழிலாளரே பேச்சுவாக்கிற் கண்டுகொண்டனர். சோதித்தபோது பலரிடம் விந்தணுக்கள் மிகக் குறைந்தோ அறவே இல்லாமலோ இருந்தன.

இதிலே வருந்தத்தக்கது மற்றொன்று. அதே இரசாயனம் எலியின் விதைகளைச் சுருங்கச் செய்யும் என்பது 1961 ஆம் ஆண்டிலேயே அச்சேறியிருந்தது. ஆய்வுகூடம் சொல்லிவிட்டது, கேட்க வேண்டியவர்கள் பதினாறு ஆண்டுகள் கேளாதிருந்தனர்.

ஆயினும், ஆய்வுகூடமும் ஏமாறக்கூடியதே. நஞ்சூட்டிய ஆணெலியைப் பெட்டையோடு விட்டுக் குட்டிகளை எண்ணுவது பழைய முறை. எலிக்கோ விந்தணு தேவைக்கு மிஞ்சியே உண்டு. அதிற் பெரும்பகுதி அழிந்த பின்னும் அது தந்தையாகிவிடும். மனிதனுக்கு அவ்வளவு மிச்சம் இல்லை. எனவே, குட்டிகள் பிறந்தன என்பதைக்கொண்டு மட்டும் ஒரு மருந்தைக் குற்றமற்றதென விடுவித்தல் ஆகாது. இன்று விதைகளை நிறுக்கிறார்கள். மெல்லிய சீவலாக அரிந்து நுணுக்குக்காட்டியில் நோக்குகிறார்கள். விந்தணுக்களை எண்ணி, அவற்றின் ஓட்டத்தையும் வடிவத்தையும் பார்க்கிறார்கள். காலமும் கணக்கில் வரவேண்டும். எலியின் விதையில் விந்தணு உருவாக ஏறத்தாழ 52 நாள் செல்லும். மனிதனில் 74 நாளளவு. ஒரு வாரம் நஞ்சூட்டிவிட்டு ஒன்றுமில்லை என்பது, விதைத்த மறுவாரமே கதிரைத் தேடுவது போன்றது. பெட்டையோடு சேர்க்குமுன் பத்து வாரம் ஊட்டுகின்ற வழக்கம் இதனால் எழுந்ததே.

கேரளத்துக் காசர்கோட்டிலே மரமுந்திரிகைத் தோட்டங்களுக்கு வானிலிருந்து எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. அங்குள்ள சிறுவரை ஆராய்ந்து 2003 இல் வெளிவந்த கட்டுரை, அவர்கள் பருவமடைதல் பிந்தியிருந்ததாகக் கூறிற்று. இலங்கையில் அம்மருந்து 1998 இலேயே தடைசெய்யப்பட்டிருந்தது. ஆனால் அதற்குக் காரணம், அதைக் குடித்து மாண்டவர்களின் தொகையே.

டீ.பீ.சீ.பீ. அமெரிக்கப் பெருநிலத்தில் 1979 இல் தடைசெய்யப்பட்டது. அதனோடு வேலைசெய்து விந்தணு குறைந்தவர்களிற் பலர் பின்னர் தேறினர்; முற்றாக அற்றுப்போனவர்களிற் பலர் தேறவேயில்லை.