மூளையின் சிறு குளம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



“தோட்டத்துப் பிள்ளைகளின் மூளையிலே கணக்கு ஏறாது” என்று ஒருவர் சொல்ல, லயத்திலிருந்து மிஷன் பள்ளிக்குப் போன நாம் தலைகுனிந்து நின்றதுண்டு. அன்று பதில் தெரியவில்லை. பல்கலைக்கழகத்திலே உயிர் இரசாயனம் பயிலும்போது அகப்பட்ட பதிலை இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

மூளை நம் தேகத்தின் எடையில் நூற்றுக்கு 2 பங்களவே. ஆயினும், நாம் சும்மா இருக்கும் வேளையிலும் தேகம் செலவிடும் சக்தியில் நூற்றுக்கு 20 பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. நரம்புக் கலங்கள் தமக்குள் புகும் சோடியத்தை இடைவிடாது வெளியே இறைத்தபடி இருக்க வேண்டும். அவ்வேலைக்குக் கூலி ஏ.ரீ.பி. என்னும் பொருள். அதைக் கலம் பெருமளவில் சேர்த்து வைப்பதில்லை.

பின் எவ்வாறு சமாளிக்கிறது? நம் மலைநாட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. காசல்ரீ நீர் விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு, நோர்ட்டன் குளத்திலே தங்கி, அங்கிருந்து பழைய லக்ஷபான நிலையத்துக்கு இறங்குகிறது. காசல்ரீ பெரியது, நோர்ட்டன் சிறியது. எனினும், வேண்டியபோது உடனே நீர் கொடுப்பது அச்சிறு குளமே. மூளைக் கலத்திலும் அப்படி ஒரு குளம் உண்டு. அதன் பெயர் பொஸ்போகிரியற்றின். அதன் மதகுதான் கிரியற்றின் கைனேசு என்னும் நொதியம். ஏ.ரீ.பி. செலவானதும் இம்மதகு பொஸ்பேற்றைத் திறந்துவிட்டு அதை உடனே புதுப்பிக்கிறது. சக்தி உற்பத்தியாகும் இழைமணிகளிலோ, இதே வேலையைத் திருப்பிச் செய்து குளத்தை நிரப்புகிறது.

ஆனால் இக்குளம் சில விநாடிகளுக்கே போதும். மூளைக்கு இரத்தம் அறவே நின்றால் 10 விநாடியளவில் நினைவு தப்பிவிடுகிறதல்லவா? உணவிலிருந்து வரும் குளுக்கோசும், இரத்தம் சுமந்து வரும் ஒட்சிசனுமே குளத்தை நிரப்பும் ஆறுகள்.

இப்பொருளைக் கண்டவர்களுள் ஒருவர் யார் தெரியுமா? 1895இல் ஆந்திர தேசத்துப் பீமாவரத்திலே பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ். மெட்ரிக்குலேஷன் பரீட்சையில் இருமுறை தவறி, மூன்றாம் முறை தேறியவர். சென்னையில் வைத்தியம் பயின்று, அமெரிக்கா சென்றார். 1927இல் ஹார்வர்டு வைத்தியக் கல்லூரியிலே சைரஸ் பிஸ்க் என்பாருடன் சேர்ந்து தசையில் பொஸ்போகிரியற்றினைக் கண்டறிந்தார். அந்நொதியத்தின் செயலை 1934இல் கார்ல் லோமன் என்ற ஜெர்மானியர் விளக்கினார். இருமுறை தவறிய பிள்ளையை ‘மூளை இல்லாதவன்’ என்று ஒதுக்கியிருந்தால் உலகுக்கு எவ்வளவு நஷ்டம்!

மாமிசம் உண்ணாதவர்க்குக் கிரியற்றின் எங்கிருந்து வரும் என்று பெரியோர் கேட்கலாம். மாமிசத்தில் அது உண்டு, மெய்தான். ஆயினும் சிறுநீரகமும் ஈரலும் சேர்ந்து அதைச் செய்கின்றன. மூளையும் தனக்கு வேண்டியதில் ஒரு பகுதியைத் தானே செய்துகொள்கிறது. இளைஞர்களே, கடையிலே டின்னில் விற்கும் கிரியற்றின் தூளை வாங்கிப் பரீட்சையில் தேறிவிடலாம் என்று எண்ணாதீர்கள்.

ஆக, துரை வீட்டுப் பிள்ளைக்கும் லயத்துப் பிள்ளைக்கும் மதகு ஒன்றே. வேற்றுமை ஆற்றிலே இருக்கிறது. ஐந்து வயதளவில் பிள்ளையின் மூளை, தேகம் செலவிடும் சக்தியில் ஐந்தில் இரண்டு பங்களவை எடுத்துக்கொள்கிறது. ஒருவேளைப் பசியிலே மூளை நின்றுவிடாது. ஈரல் தன் இருப்பைக் கொடுத்துக் காக்கும். பிள்ளையின் இருப்போ சிறிது. தாய் விடியலிலே பெரட்டுக்கு ஓட, பிள்ளை வெறுந்தேத்தண்ணீர் குடித்துவிட்டு மலையேறிப் பள்ளிக்குப் போனால், கரும்பலகை அதன் கண்ணுக்கு எப்படித் தெரியும்? கொழுந்து பறிக்கும் தாய்க்கு இரத்தச்சோகை இருந்தால் ஒட்சிசன் சுமக்கும் ஆளே குறைவன்றோ?

ஆகையால் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். நமது மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு, பாடம் தொடங்குமுன் ஒரு கைப்பிடி அவித்த கடலை கொடுப்போம். விழாச் செலவில் மாலைகளையும் தோரணத்தையும் சற்றே குறைத்தால் அதற்குப் போதும். தாய்மார்கள் காலையிலே ஒரு துண்டு ரொட்டியாவது எடுத்து வையுங்கள். மூளை ஏறாது என்று இனி எவரேனும் சொன்னால், “பிள்ளை காலையில் என்ன சாப்பிட்டது?” என்று முதலில் கேளுங்கள்.