வேல் ஏந்திய சிறுவனின் சொல் எங்கே?

(புதுக்கோட்டை இலக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீரம் என்றதும் நம் மேடைகளில் முழங்கும் பாட்டு, ஒக்கூர் மாசாத்தியாரின் புறநானூற்றுப் பாட்டு. தொகுப்பில் 279ஆவது. முன்னைப் போரில் பிறந்த வீட்டு உறவைப் பறிகொடுத்தாள். அடுத்த போரில் கணவனைப் பறிகொடுத்தாள். மீண்டும் பறை ஒலிக்கிறது. ஒரே மகனின் குடுமியில் எண்ணெய் தடவி, வெள்ளாடை உடுத்தி, வேலைக் கையிலே கொடுத்து அனுப்புகிறாள். கைதட்டுகிறோம். கைதட்டல் ஓய்ந்தபின் கேட்கிறேன்: அந்தச் சிறுவன் என்ன சொன்னான்? பாட்டிலே அவனுக்கு ஒரு சொல்லும் இல்லை!

பாட்டைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. பாடியவரே அந்தத் தாயின் துணிவைக் கண்டு திடுக்கிட்டுத்தான் நிற்கிறார். திடுக்கிடலை விட்டுவிட்டுத் துணிவை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் நாம்.

சிறுவன் ஆண்மகனாவது எப்போது? வேல் ஏந்தியபோதா? பொன்முடியார் 312ஆம் பாட்டில் கடமைகளை வகுத்தார். பெற்றுப் புறந்தருவது தாய்க்கு. சான்றோன் ஆக்குவது தந்தைக்கு. வேல் வடித்துத் தருவது கொல்லனுக்கு. நன்னடை நல்குவது வேந்தனுக்கு. களிற்றை வீழ்த்தித் திரும்புவது காளைக்கு. வரிசையைப் பாருங்கள். சான்றாண்மை முன்னே, வேல் பின்னே! முடிவிலே உயிரோடு திரும்புதலும் கடமை! மாசாத்தியாரின் சிறுவனுக்கோ, சான்றோன் ஆக்க வேண்டிய தந்தை களத்திலே கிடக்கிறான். கொல்லன் கடமை முடிந்தது. தந்தையின் கடமை முடியவில்லை.

நம் காலத்துப் போர்ப் புனைவு ஒன்று அந்தச் சிறுவனைப் பேச வைத்தது. இளம் வயதில் புலிகள் இயக்கத்தில் சேர்ந்து, பின் விலகி, பிரான்சில் அடைக்கலம் புகுந்த ஷோபாசக்தி 2001இல் வெளியிட்ட 'கொரில்லா' நாவல் அது. ஊரை மிரட்டும் தந்தையின் பட்டப்பெயர் கொரில்லா. அந்தப் பெயருக்குத் தப்பி இயக்கத்துக்கு ஓடுகிறான் மகன். பெயரும் உடன் ஓடுகிறது. துப்பாக்கி அவனை ஆளாக்கவில்லை. அடைக்கலம் கேட்டு, தன் கதையைத் தானே எழுதும்போதுதான் அவன் ஆளாகிறான். ஏவியவர் சொல்லை விட்டுத் தன் சொல்லுக்கு வந்துவிட்டான்!

உலகமும் இதை மெல்லத்தான் உணர்ந்தது. 1989இன் குழந்தை உரிமை உடன்படிக்கை, 15 வயது நிரம்பாதவரைப் போரில் ஈடுபடுத்தலாகாது என்றது. 2000இன் கூடுதல் நெறிமுறை அதனை 18 ஆக்கியது; அரசல்லாத ஆயுதக் குழுக்களுக்கும் அந்த வரம்பை விதித்தது.

நம் மாவட்டத்திலேயே தோப்புக்கொல்லை, இலேனாவிளக்கு, அழியாநிலை என ஈழத்தமிழர் முகாம்கள் உள்ளன. பிள்ளையைப் போருக்குக் கொடுக்க மனமின்றி, இடுப்பிலே சுமந்து கடல் கடந்த தாய்மார் உண்டு. அவர்களைக் கோழைகள் என்போமா? பெற்றுப் புறந்தரும் முதற்கடமையைக் கைவிடாதவர்கள் அல்லவா அவர்கள்!

தோழர்களே, அடுத்த மேடையில் மாசாத்தியாரின் தாயைப் பாடுங்கள். இந்தத் தாயையும் பாடுங்கள். நம்மை நம்பி வரும் சிறுவனிடம் கொடியைத் தருமுன் புத்தகத்தைத் தருவோம். அவன் முழக்கத்தைக் கேட்குமுன் அவன் கேள்வியைக் கேட்போம். சான்றோன் ஆக்குவது இன்று நம் கடன்.