வரப்போடு நின்ற விடுதலை



லிங்கனை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். 1863 ஜனவரி 1 விடுதலைப் பிரகடனமும் தெரியும். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1855இல், திருவிதாங்கூர் அரசு அடிமைமுறையை ஒழித்து விளம்பரம் செய்தது என்று சொல்லிப் பாருங்கள். "நம்ம நாஞ்சில் நாட்டுல அடிமைகள் இருந்தாங்களா?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

இருந்தோம். 1836 கணக்கெடுப்பின்படி திருவிதாங்கூரில் ஏறத்தாழ 12 லட்சத்து 80 ஆயிரம் மக்கள். அதில் 1 லட்சத்து 64 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அடிமைகள். கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைந்த வயல்களில் உழுது நட்டவர்களை ஓலை எழுதி விற்றார்கள். அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளை அ.கா. பெருமாள் பதிப்பித்திருக்கிறார். மாணவர்கள் அவசியம் தேடிப் படிக்க வேண்டும்.

1619இல் வர்ஜீனியாக் கரையில் ஆப்பிரிக்கர்களை இறக்கி விற்றார்கள். 1808இல்தான் அடிமைகளைக் கப்பலில் கொண்டுவர அமெரிக்கா தடை போட்டது. பருத்தித் தோட்டத்தில் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருந்தவர்களை அந்தச் சட்டம் தொடவில்லை. நான்கு ஆண்டு கழித்து, 1812இல், ராணி லட்சுமிபாயி அடிமை வியாபாரத்தைத் தடை செய்தார். விவசாய அடிமைகளுக்கு மட்டும் விதிவிலக்கு. அதாவது, நமக்கு. அங்கே தோட்டத்து வேலியோடு நின்ற சட்டம் இங்கே வயல் வரப்போடு நின்றது.

மகாராஜா கொடுத்தார், மிஷனரிமார் வாங்கித் தந்தார்கள் என்பது வழக்கமான கதை. 1847இல் மிஷனரிமார் மகாராஜாவிடம் மனுக் கொடுத்தது உண்மை. ஆனால் 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததே வேதமாணிக்கம் என்கிற சாம்பவர் அழைத்ததால்தான். அமெரிக்காவிலும் லிங்கன் பெயருக்குப் பின்னால்தான் பிரடெரிக் டக்ளஸ் பெயர் வருகிறது. 1838இல் தானே தப்பித்து வந்து, ஊர் ஊராகப் பேசிய மனிதர் அவர்.

1862இல் வாஷிங்டன் நகரத்து அடிமைகளை விடுவித்தபோது ஆளுக்கு 300 டாலர் வரை நஷ்டஈடு கொடுத்தார்கள். உழைத்தவருக்கு இல்லை, உடைமைக்காரருக்கு! 1865 ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன், தெற்குக் கடலோர நிலத்தைக் கறுப்பினக் குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்க ஆணையிட்டார். அதே ஆண்டிலேயே ஜனாதிபதி ஜான்சன் அதைப் பழைய முதலாளிகளுக்குத் திருப்பிவிட்டார். நிலம் கிடைத்தவர்கள் மறுபடி கூலிக்கும் வாரத்துக்கும் போனார்கள்.

நமக்கு அந்தச் சில மாத 40 ஏக்கரும் வாய்க்கவில்லை. மனிதரை உடைமையாக நீதிமன்றம் ஏற்காது என்றது 1855 விளம்பரம். வயல் எதையும் அது தரவில்லை. மறுநாள் காலையில் அதே வயலுக்கு, அதே ஆளிடம்தானே போயிருப்போம்?

1873இல் ஜோதிராவ் புலே தன் 'குலாம்கிரி' நூலை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். நம் நாட்டாரும் அதைப் பார்த்துச் செய்யட்டும் என்று ஆசைப்பட்டார். அப்போதே அந்த 40 ஏக்கர் கைமாறி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

திருவிதாங்கூர் அரசு 1883இல் நிலவரித் திட்டத்தைத் தொடங்கி 1911இல் முடித்தது. அடிமைமுறை ஒழிந்து ஒரு தலைமுறைக்குப் பிறகு எழுதிய பதிவேடுகள் அவை. தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகா மாணவர்களிடம் ஒன்று கேட்கிறோம்: உங்கள் ஊர்ப் பதிவேட்டைத் தேடி எடுங்கள். நம் பாட்டன்மார் உழுத வயலுக்கு நேரே யார் பெயர் எழுதியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் நீங்கள் பேசுங்கள், நாங்கள் கேட்கிறோம்.